ஒரு காதில் கேட்ட இசை

என் அத்தை யாருடைய இசையையும் திருடவில்லை என்பதைப் பத்து வயதில், டாலஸ் நகரத்து அரங்கம் ஒன்றில், வரிசையில் நின்றிருந்த அத்தனை பேருக்கும் முன்னால் நான் நிரூபித்துக் காட்டினேன். வெகுகாலம் அப்படித்தான் நினைத்துக்கொண்டிருந்தேன்.

அத்தை, அப்பாவின் ஒரே தங்கை. நாங்கள் டெக்சாஸில், ரவுண்ட் ராக்கில் இருந்தோம். அப்பாவுக்கு அங்கே கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை. அத்தை கலிபோர்னியாவில் இருந்தாள். எங்கள் சொந்தத்தில் அமெரிக்கா வந்தவர்கள் எல்லோரும் ஏதோ ஒரு கம்பெனிக்கு சாஃப்ட்வேர் எழுதினார்கள். அத்தை ஒருத்திதான் வீடியோ கேமுக்கு இசையமைத்தாள். ஊரிலிருந்து யாராவது போனில் விசாரித்தால், "அவளும் கம்ப்யூட்டர்லதான் இருக்கா" என்று அப்பா பேச்சை முடித்துவிடுவார். அது பொய்யும் இல்லை.

அந்தக் கோடையில் அத்தை கலிபோர்னியாவிலிருந்து காரைத் தானே ஓட்டிக்கொண்டு வந்து சேர்ந்தாள். பின் சீட்டில் துணி மூட்டைகளும் ஸ்பீக்கர்களும் கூரையை முட்டிக்கொண்டிருந்தன. லீவுக்கு வந்திருக்கிறாள் என்று அம்மா சொன்னாள். லீவுக்கு வருகிறவர்கள் பெட்டியைத் திறப்பார்கள், கடைக்குப் போகலாம் என்பார்கள். அத்தை மூட்டைகளை கராஜில் அடுக்கிவிட்டு, வந்த உடையிலேயே சோபாவில் உட்கார்ந்தாள். அதன்பின் பெரும்பாலும் அங்கேயேதான் இருந்தாள்.

எனக்கு அது நல்ல காலம். அத்தை அமைதியாக இருந்தாலும் நான் கேட்டால் விளையாட வருவாள். சுட்டுத்தள்ளும் விளையாட்டுகள் அவளுக்குப் பிடிக்காது. ராஜ்ஜியம் கட்டும் விளையாட்டுகள்தான் அவளுடைய உலகம். கோதுமை விதைக்க வேண்டும், மரம் வெட்ட வேண்டும், மதில் எழுப்ப வேண்டும், அதற்குள் எதிரி வந்துவிடாமல் இருக்க வேண்டும். எனக்கு மதில் எழும்பும்வரை பொறுமை இருக்காது. அத்தையோ திரையைப் பார்க்காமல் கண்ணை மூடிக்கொண்டு கேட்டுக்கொண்டிருப்பாள். "இந்த மாதிரி கேம்ல முக்கால்வாசி நேரம் காத்திட்டுதான் இருப்போம் கண்ணு. அந்தக் காத்திருக்கிற நேரத்துக்குத்தான் மியூசிக்" என்பாள்.

இதையெல்லாம் அவளுக்குக் கற்றுக்கொடுத்தவை ஒரு அமெரிக்க இசையமைப்பாளரின் பாட்டுகள். அவள் அவரைப் பார்த்ததுகூட இல்லை. ஆனால் பேச்சில் அவர் வராத நாள் இல்லை. அவருக்கு முன்னால் இந்த விளையாட்டுகளில் எதிரி வந்தால் முரசு அடிப்பார்களாம், எக்காளம் ஊதுவார்களாம். அவர் வந்து அதை மாற்றினாராம். எதிரி நெருங்க நெருங்க அவர் சத்தத்தைக் கூட்டுவதில்லை. வாத்தியங்களை ஒவ்வொன்றாக எடுத்துவிடுவார். கடைசியில் ஒரே ஒரு கம்பி வாத்தியம் மட்டும் மிஞ்சும்போது, விளையாடுகிறவனுக்குத் தன் கோட்டையில் தான் தனியாக இருப்பது உறைக்கும். அதற்குப் பிறகு இந்தத் தொழிலுக்கு வந்த எல்லோரும், தெரிந்தோ தெரியாமலோ, அவரைப் போலத்தான் செய்தார்கள் என்றாள் அத்தை. "நாங்க எல்லாருமே அவர் வீட்டுப் புள்ளைங்க மாதிரிதான்."

இதை அவள் பெருமையாகச் சொன்னாளா, கசப்போடு சொன்னாளா என்று யோசிக்கிற வயது அப்போது எனக்கு இல்லை.

நடந்தது இதுதான். அத்தை இசையமைத்த விளையாட்டு ஒன்று வெளியாகி, அதன் இசையைப் பலரும் புகழ்ந்தார்கள். பிறகு யாரோ ஒருவர் அதில் ஒரு சின்னப் பகுதியையும், அந்த இசையமைப்பாளர் முதன்முதலில் வேலை செய்த, அதிகம் விற்காத பழைய விளையாட்டு ஒன்றின் பகுதியையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து இன்டர்நெட்டில் போட்டார். இரண்டும் ஒன்றாக இருந்தன. ஏதோ சாயல் என்று சொல்லித் தப்ப முடியாத அளவுக்கு ஒன்றாக இருந்தன. ஸ்டுடியோவில் அத்தையைக் கூப்பிட்டுக் கேட்டார்கள். அவருடைய மற்ற எல்லா இசையும் எனக்குத் தெரியும், இந்த ஒரு விளையாட்டை மட்டும் நான் தொட்டதுகூட இல்லை, இந்த மெட்டைக் கேட்டதே இல்லை, இது எனக்குள்ளிருந்து வந்தது என்றாள். அவர்கள் நம்பவில்லை. விளையாட்டிலிருந்து மெட்டை எடுத்தார்கள், வேலையிலிருந்து அவளையும் எடுத்தார்கள். வேலை போனதும் விசாவுக்குக் கெடு வைத்தாயிற்று. அதற்குள் வேறு ஸ்டுடியோ கிடைக்க வேண்டும். பெயரைப் பார்த்ததுமே கதவுகள் மூடிக்கொண்டன.

அந்தப் பழைய பாட்டை முழுதாக ஒருதரம் கேட்டுப் பாரேன் என்று அப்பா பலமுறை சொன்னார். அத்தை மறுத்துவிட்டாள். கேட்டுவிட்டால் அப்புறம் கேட்டதே இல்லை என்று எப்படிச் சொல்வது என்பது அவள் வாதம்.

எனக்கு இவ்வளவும் துண்டுதுண்டாகத்தான் வந்து சேர்ந்தது. ஒரு சாயங்காலம் அத்தை குளிக்கப் போயிருந்தபோது அப்பாவும் அம்மாவும் சமையலறையில் பேசிக்கொண்டிருந்தார்கள்.

"அவ அந்த கேமைப் பார்த்ததே இல்லைங்கறா. அப்புறம் எப்படிக் காப்பி அடிச்சிருப்பா?" என்றார் அப்பா.

"அப்போ ரெண்டும் எப்படிங்க ஒண்ணா இருக்கும்? ரெண்டு பேர்ல ஒருத்தர் எடுத்திருக்கோணும்ல?" என்றாள் அம்மா.

எனக்குக் கணக்கு நன்றாக வரும். இரண்டு பேரில் ஒருவர் எடுத்திருக்க வேண்டும். அத்தை எடுக்கவில்லை. ஆக, எடுத்தது அந்த மனிதர். எது முதலில் வந்தது என்று கேட்க வேண்டும் என்பது எனக்குத் தோன்றவே இல்லை.

கோடை முடிவதற்குள் அந்த இசையமைப்பாளரே டாலஸுக்கு வருவதாக இருந்தது. அவருடைய விளையாட்டு இசையைப் பெரிய ஆர்க்கெஸ்ட்ரா ஒன்று வாசிக்கப் போகிறது. அப்பா யாரையும் கேட்காமல் மூன்று டிக்கெட் வாங்கிவிட்டார். "நேர்ல பார்த்துச் சொல்லு. அவர் ஒரு வார்த்தை சொன்னாப் போதும், எல்லாரும் வாயை மூடிக்குவாங்க" என்றார். அத்தை இரண்டு நாள் அந்த டிக்கெட்டுகளைத் தொடவில்லை. மூன்றாம் நாள், சரி என்றாள். அம்மாவுக்கு அந்தச் சனிக்கிழமை வேலை. நாங்கள் மூவரும் காலையிலேயே கிளம்பினோம். வழியில் வேக்கோ நகரத்தைத் தாண்டும்வரை ஃப்ரீவேயில் வண்டிகள் ஊர்ந்தன. அத்தை முன் சீட்டில் உட்கார்ந்து, அவரிடம் பேசப்போகும் ஆங்கில வாக்கியங்களை உதட்டுக்குள் சொல்லிச் சொல்லிப் பார்த்துக்கொண்டே வந்தாள்.

அரங்கம் நிறைந்திருந்தது. அட்டையில் செய்த தலைக்கவசமும் தோளில் போர்வையுமாகச் சிலர் போர்வீரர் வேஷத்தில் வந்திருந்தார்கள். மேடைக்குப் பின்னால் பெரிய திரையில் கோட்டைகளும் வயல்களும் ஓடின. இசையமைப்பாளர் ஒல்லியான வயதானவர். கோட்டு அவர் உடம்புக்குப் பெரிதாக இருந்தது. அந்தப் பழைய பாட்டுக்கு முன்னால் மைக்கைப் பிடித்துப் பேசினார். அந்தக் காலத்துக் கம்ப்யூட்டரில் இசைக்கு ஒதுக்கிய இடம் மிகக் கொஞ்சம், மூன்று வாத்தியத்துக்கு மேல் வைக்க முடியாது, எடுத்துவிடுவதைத் தவிர எனக்கு வேறு வழி இருக்கவில்லை, அதைப் பிற்பாடு பெரிய கண்டுபிடிப்பு என்றார்கள் என்று சொல்ல, எல்லோரும் சிரித்தார்கள். அத்தை சிரிக்கவில்லை.

பாட்டு தொடங்கியது. முதலில் ஒரு வயலின் மட்டும். அத்தையின் கை என் கைக்குப் பக்கத்தில், நாற்காலியின் கைப்பிடிமேல் இருந்தது. கொஞ்ச நேரத்தில் அந்த விரல்கள் அசையத் தொடங்கின. கீபோர்டில் வாசிப்பதைப்போல மரத்தின்மேல் மெல்ல அழுத்தின. நான் விரலையும் மேடையையும் மாறி மாறிப் பார்த்தேன். விரல்கள் இசையோடு போகவில்லை. இசைக்கு முன்னால் போயின. விரல் ஏறியது, பிறகு வயலின் ஏறியது. விரல் நின்றது, பிறகு வயலின் நின்றது. இன்டர்நெட்டில் போட்டிருந்த சின்னப் பகுதி எனக்குத் தெரியும். அது வந்து போய்விட்டது. அதற்குப் பின்னாலும் அத்தைக்கு எல்லாம் தெரிந்திருந்தது.

ஓரிடத்தில் புல்லாங்குழல் ஒன்று வந்து சேர்ந்தது. அப்போது மட்டும் விரல்கள் தடுமாறி நின்றுவிட்டன. அத்தை தலையைத் திருப்பி, அந்தச் சத்தம் எங்கிருந்து வருகிறது என்று தேடுகிறவள்போல மேடையைப் பார்த்தாள்.

எனக்கு மனசுக்குள் ஒரே குதூகலம். இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அவளுடைய பாட்டு என்பதால்தானே அடுத்து என்ன வரும் என்று அவளுக்குத் தெரிகிறது!

நிகழ்ச்சி முடிந்ததும் வெளிக்கூடத்தில் ஒரு மேஜை போட்டு இசையமைப்பாளர் உட்கார்ந்தார். கையெழுத்து வாங்க நீண்ட வரிசை நின்றது. அப்பா அத்தையை அந்தப் பக்கம் தள்ளாத குறை.

"வேண்டாம்ண்ணா, வீட்டுக்குப் போலாம்."

"இவ்வளவு தூரம் வந்துட்டு?"

"தலை வலிக்குதுண்ணா. போய் வண்டியை எடுத்துட்டு வா."

அப்பா கோபத்தோடு பார்க்கிங் பக்கம் போனார். அத்தை சுவரோரம் இருந்த பெஞ்சில் உட்கார்ந்து, குனிந்து தன் கைகளையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவளுக்குக் கூச்சம் என்று நான் முடிவு செய்தேன். பெரியவர்களால் முடியாத காரியங்களைச் சிறுவர்கள் முடித்துவைக்கும் கதைகளை நான் நிறையப் படித்திருந்தேன். வரிசையை ஒட்டியே நடந்தேன். சின்னப் பெண் என்று எல்லோரும் புன்னகையோடு வழி விட்டார்கள். மேஜைக்கு முன்னால் போய் நின்று, தெளிவான ஆங்கிலத்தில், "நீங்கள் என் அத்தையின் பாட்டைத் திருடிவிட்டீர்கள்" என்றேன்.

கையெழுத்துப் போட்டுக்கொண்டிருந்த பேனா நின்றது. பிறகு அவர் சரணடைகிறவர்போல இரண்டு கைகளையும் தூக்கி, "கில்ட்டி" என்றார். வரிசை முழுக்கச் சிரிப்பு. ஒருவர் போனை எடுத்துப் படம் பிடித்தார். "யார் உன் அத்தை?" என்று அவர் கேட்டார். நான் அத்தையின் முழுப் பெயரையும் சொல்லி, பெஞ்சைக் காட்டினேன்.

அந்தப் பெயரைக் கேட்டதும் அவர் கைகள் மெதுவாக இறங்கின. மேஜைக்குப் பின்னாலிருந்து எழுந்து, காத்திருந்தவர்களிடம் மன்னிப்புக் கேட்டுக்கொண்டு, பெஞ்சுக்கு நடந்து வந்தார். அத்தை பதறி எழுந்தாள். அவர் அவளை உட்காரச் சொல்லிவிட்டுத் தானும் பக்கத்தில் உட்கார்ந்தார். நான் எதிரே நின்றேன்.

ஏன் எடுத்தீர்கள் என்று அவர் கேட்கவில்லை. எங்கே கேட்டீர்கள் என்றுதான் கேட்டார். கோபமாக இல்லை, காணாமல்போன பிள்ளையை எந்த ஊரில் பார்த்தீர்கள் என்று விசாரிக்கிற குரலில் கேட்டார்.

அத்தை வழியெல்லாம் ஒத்திகை பார்த்த வாக்கியங்களில் ஒன்றையும் சொல்லவில்லை. "ஈரோட்டில்" என்றாள். தென்னிந்தியாவில் ஒரு ஊர் என்று விளக்கினாள். அங்கே ஒரு பிரவுசிங் சென்டர். அண்ணன் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தான். விடுமுறைக்கு வந்தால் அங்கே போய் விளையாடுவான். பள்ளிக்கூடம் விட்டு வரும் அவளையும் கூட்டிப் போவான். அவள் நச்சரிக்காமல் இருக்க ஹெட்போனை அவளிடம் கொடுத்துவிடுவான். அவனுக்குச் சத்தம் தேவைப்படவில்லை. திரையில் என்ன நடந்தது என்று அவள் பார்க்கவே இல்லை, அது என்ன விளையாட்டு என்றும் தெரியாது. ஆனால் மாதக்கணக்கில் அதைக் கேட்டிருக்கிறாள்.

"இன்று மத்தியானம்வரை எனக்கு இது நினைவில் இல்லை" என்றாள். "கேட்டதே இல்லை என்று எல்லோரிடமும் சொன்னேன். நான் பொய் சொல்லவில்லை."

அவர் தலையாட்டினார். அத்தை இன்னொன்றையும் சொன்னாள். அந்த ஹெட்போனில் ஒரு பக்கம் வேலை செய்யாது.

"எந்தப் பக்கம்?"

"இடது."

அவர் மெல்லச் சிரித்தார். புல்லாங்குழலை இடது பக்கத்தில்தான் வைத்திருந்தேன் என்றார். அப்படியானால் நீங்கள் அதைக் கேட்கவே இல்லை. உங்கள் பாட்டில் அந்த இடத்தில் வேறொன்று வருகிறது, நான் கேட்டிருக்கிறேன், அது எங்கிருந்து வந்தது? அது நானே போட்டது என்றாள் அத்தை, தனக்கே நிச்சயமில்லாத குரலில். அது என்னுடைய புல்லாங்குழலைவிட நன்றாக இருக்கிறது என்றார் அவர். ஆகவே பாதி உங்களுடையது. உங்கள் ஸ்டுடியோவுக்கு நான் எழுதுகிறேன்.

அத்தை வேண்டாம் என்று தலையசைத்தாள். அவருக்கு நன்றி சொன்னாள். அவர் அவள் கையைத் தன் இரண்டு கைகளுக்குள் சற்று நேரம் வைத்திருந்துவிட்டு மேஜைக்குத் திரும்பினார்.

எனக்கு அந்தப் 'பாதி'தான் பிடிக்கவில்லை. முழுப் பாட்டையும் அல்லவா அவர் கொடுத்திருக்க வேண்டும்?

கார் ஃப்ரீவேயில் ஏறியதும் நான் அடக்கமாட்டாமல் அப்பாவிடம் சொல்லிவிட்டேன். அவர் ஒத்துக்கொண்டார், கில்ட்டி என்று எல்லோர் முன்னாலும் சொன்னார். அப்பா ஸ்டியரிங்கைக் கையால் தட்டினார். பல வாரங்களாக நான் பார்க்காத சந்தோஷம் அது.

"பாத்தியா! நான் அப்பவே சொன்னேன்ல? யாராச்சும் போன்ல எடுத்தாங்களா சாமி?"

"எடுத்தாங்க!"

"அது போதும். திங்கக்கிழமையே லாயர்கிட்டப் பேசறேன். அந்த ஸ்டுடியோக்காரன் உன்ற காலைப் புடிச்சுக் கூப்பிடோணும், பாரு."

"அண்ணா" என்றாள் அத்தை. "எங்கயாச்சும் வண்டியை நிறுத்து."

அடுத்த எக்ஸிட்டில் இறங்கி ஒரு பெட்ரோல் பங்க்கில் நிறுத்தினார். அத்தை எல்லாவற்றையும் சொன்னாள். அப்பா முதலில் புரியாமல் கேட்டார்.

"நான்தானே விளையாடினேன்? எனக்கு அப்படி ஒரு பாட்டு ஞாபகமே இல்லையே."

"உனக்கு எப்படிண்ணா இருக்கும்? ஹெட்போன் என்கிட்டல்ல இருந்துச்சு."

அப்பா வண்டியை விட்டு இறங்கினார். டாலஸுக்குள் நுழையும்போதே டேங்கை நிரப்பியிருந்தோம். ஆனாலும் பம்ப்புக்குப் பக்கத்தில் போய் நின்றார். பிறகு வாளியிலிருந்த பிரஷ்ஷை எடுத்து, சுத்தமாக இருந்த கண்ணாடியைத் துடைக்கத் தொடங்கினார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அவர் முகம் சோப்பு நீரில் கலங்கித் தெரிந்தது. திரும்பி வந்து உட்கார்ந்ததும் தணிந்த குரலில், "அவரே எழுதறேன்னு சொல்றாரு. எழுதட்டுமே" என்றார்.

"என்னன்னு எழுதுவார்? நான் பொய் சொல்லலைன்னா? அந்த கேம் பாட்டைக் கேட்டதே இல்லைன்னு சொல்லியிருக்கேன். இப்ப அது பொய்தானே."

அப்பா வண்டியைத் திரும்ப ஃப்ரீவேயில் ஏற்றினார். நான் ஜெயித்துக் கொடுத்ததை இவர்கள் ஏன் கொண்டாட மாட்டேன் என்கிறார்கள் என்று எனக்கு அழுகையாக வந்தது.

அந்த வாரமே அத்தை ஸ்டுடியோவுக்குத் தானாகவே எழுதிவிட்டாள்: நீங்கள் சொன்னது சரி, நான் அதைக் கேட்டிருக்கிறேன் என்று. பதில் வரவில்லை. விசா முடிவதற்குள் கோயம்புத்தூருக்கு டிக்கெட் போட்டார்கள். இப்போது அங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் பிள்ளைகளுக்குக் கம்ப்யூட்டர் சொல்லிக்கொடுக்கிறாள். கல்யாணம் செய்துகொண்டாள், வீடு கட்டினாள். இசையமைப்பதில்லை. அந்த இசையமைப்பாளர் இறந்தபோது நான்தான் செய்தியை அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்பதற்கான அடையாளம் போனில் வந்தது, வேறெதுவும் வரவில்லை. அவரைப் போல வாத்தியங்களை எடுத்துவிடுகிறவர்கள் இன்று எத்தனையோ பேர். எந்த ராஜ்ஜிய விளையாட்டைத் திறந்தாலும் எதிரி வரும்போது வாத்தியங்கள் ஒவ்வொன்றாக நிற்கின்றன. அதையெல்லாம் யாரும் திருட்டு என்று சொல்வதில்லை.

அத்தை கிளம்பிய அன்று காலை எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. பெட்டிகள் வாசலுக்கு வந்துவிட்டன. அவளுடைய பெரிய கீபோர்டை ஏற்கெனவே விற்றாயிற்று. என் அறையில் பேட்டரியில் ஓடுகிற சின்னக் கீபோர்டு ஒன்று இருந்தது. அதை அவள் மடியில் வைத்து, இதுவரை யாருமே கேட்காத ஒரு பாட்டு எனக்கு வேண்டும் என்றேன். அத்தை வேண்டாம் என்று சொல்வாள் என நினைத்தேன். ஆனால் விரல்களை வைத்தாள். மெதுவாக ஒன்று வந்தது. மூன்று நான்கு சுரங்கள் ஏறி, தயங்கி, வேறு பக்கம் திரும்பின. நான் அசையாமல் கேட்டேன். அவ்வளவு அழகாக இருந்தது.

திடீரென்று நின்றாள். அதே இடத்தை மறுபடி வாசித்தாள். மறுபடி நின்றாள்.

"இதை நீ எங்கயாச்சும் கேட்டிருக்கியா கண்ணு?"

"இல்லவே இல்லை அத்தை. ப்ராமிஸ். இது புதுசு."

"நீ கேக்கலை" என்றாள் அத்தை. விரல்கள் கட்டைகளின்மேல் அப்படியே இருந்தன. அவற்றிலிருந்து சத்தம் வரவில்லை.

பேட்டரி தீர்ந்துவிட்டது என்று நினைத்தேன். சமையலறைக்கு ஓடினேன். அம்மாவின் இழுப்பறையைக் கலைத்துப் போட்டுப் புது பேட்டரிகளைக் கண்டுபிடித்து ஓடி வந்தேன். கீபோர்டைக் கவிழ்த்து, பழையதை எடுத்துவிட்டுப் புதியதை மாட்டினேன். ஒரு கட்டையை அழுத்திப் பார்த்தேன். சத்தம் கணீரென்று வந்தது. அதை மறுபடி அவள் மடியில் வைத்தேன்.

அத்தை அதை எடுத்துப் பக்கத்தில் வைத்துவிட்டு, எழுந்து போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள். வெளியே அப்பா காரைக் கிளப்பிவிட்டார்.

"பேட்டரி புதுசு அத்தை" என்றேன், அவளுக்குக் காதில் விழவில்லையோ என்று இன்னும் உரக்க. "இப்ப வாசிங்க, சரியாயிடுச்சு."